பெரம்பலூர், அரியலூரில் கோ-ஒர்க்கிங் ஸ்பேஸ் எடுபடுமா? ஏசியும் வைஃபையும் மட்டும் போதாது.. மெம்பர்களை இழுப்பது எது?

இடம் பிடிச்சாச்சு. ஏசி மாட்டியாச்சு. 20 சேர், ஃபைபர் நெட், யுபிஎஸ், வாசலில் பளபளக்கும் ஃப்ளெக்ஸ் போர்டு என எல்லாம் ரெடி. ஆனால் ஆள் மட்டும் வரவில்லை. சின்ன ஊரில் கோ-ஒர்க்கிங் ஸ்பேஸ் தொடங்கும் பலர் முதலில் சந்திக்கும் நிலைமை இதுதான். 'நம்ம ஊருக்கு இதெல்லாம் செட் ஆகாது' என்று ஆறே மாதத்தில் போர்டைக் கழற்றிவிடவும் செய்கிறார்கள்.

ஆனால் உலகத்தின் முதல் கோ-ஒர்க்கிங் ஸ்பேஸுக்கே முதல் மாதம் ஒரு ஆள்கூட வரவில்லை. அதுவும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில்! அப்படியென்றால் பிரச்னை ஊரிலா, தொடங்கும் விதத்திலா?

கோ-ஒர்க்கிங் ஸ்பேஸ் என்றால் என்ன?

ஒரே கம்பெனியைச் சேராத பலர், ஒரே கூரையின் கீழ் அவரவர் வேலையைப் பார்க்கும் இடம். மேசை, நாற்காலி, நெட், கரண்ட், பிரிண்டர், மீட்டிங் ரூம் எல்லாம் பொது. நாள் கணக்கிலோ மாதக் கணக்கிலோ காசு கட்டினால் போதும். அட்வான்ஸ், அக்ரிமென்ட் என்று தனி ஆபீஸுக்கு ஆகும் பெரிய செலவு கிடையாது. தமிழில் 'பகிர்ந்த பணியிடம்' என்று அரசு எழுதுகிறது. பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

பிரவுசிங் சென்டரில் இருந்து இது எங்கே வேறுபடுகிறது? அங்கே வேலை முடிந்ததும் எழுந்து போய்விடுவோம், பக்கத்து சீட்டில் இருந்தவர் யார் என்றே தெரியாது. கோ-ஒர்க்கிங்கில் பக்கத்து சீட்டுக்காரரைத் தெரிந்துகொள்வதும் சேர்த்துத்தான் காசு. 'கம்யூனிட்டி' என்று அடிக்கடி காதில் விழும் வார்த்தையின் அர்த்தம் அவ்வளவுதான்.

முதல் மாசம் ஒருத்தரும் வரல!

2005 ஆகஸ்ட் 9. பிராட் நியூபெர்க் என்ற சாஃப்ட்வேர் இளைஞர், சான் பிரான்சிஸ்கோவில் 'ஸ்பைரல் மியூஸ்' என்ற இடத்தில் சில மேசைகளைப் போட்டார். தனியாக வேலை பார்த்தால் சுதந்திரம் இருக்கிறது, துணை இல்லை. ஆபீஸுக்குப் போனால் துணை இருக்கிறது, சுதந்திரம் இல்லை. ரெண்டும் ஒரே இடத்தில் கிடைக்காதா என்பதுதான் அவருடைய கேள்வி. வாரத்தில் 2 நாள் மட்டும் திறப்பு. மாத வாடகை 300 டாலர்.

முதல் மாதம் முழுக்க அவர் மட்டும்தான் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒருவர் வந்தார், அப்புறம் மெதுவாக மற்றவர்கள். அந்த இடம் ஓராண்டில் மூடப்பட்டது. ஆனால் அங்கே பழகியவர்கள் அடுத்த ஆண்டே 'ஹேட் ஃபேக்டரி' என்ற வேறு இடத்தில் தொடர்ந்தார்கள். கட்டடம் போனாலும் கூட்டம் போகவில்லை. ஆகஸ்ட் 9 இன்றைக்கும் சர்வதேச கோ-ஒர்க்கிங் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

பிலடெல்பியாவில் அலெக்ஸ் ஹில்மன் என்பவர் இதைத் தலைகீழாகச் செய்தார். முதலில் இடம் பார்க்கவில்லை. ஊரில் தனியாக வேலை பார்ப்பவர்களைத் தேடிப் பிடித்து, காபி கடைகளில் ஒன்றாக உட்கார வைத்தார். பழக்கம் ஆனபிறகுதான் 'நமக்குன்னு ஒரு இடம் எடுப்போமா?' என்ற பேச்சே வந்தது. 2007-ல் 'இண்டி ஹால்' திறந்தபோது, உள்ளே வந்தவர்கள் ஏற்கெனவே ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். திறப்பு விழா அன்றைக்கே வாடகை கட்ட ஆள் இருந்தது.

சின்ன ஊருக்கு முதல் கதையைவிட இந்த இரண்டாவது கதை ரொம்ப முக்கியம். ஏன் என்பது கணக்கு போட்டால் தெரியும்.

பெரம்பலூர், அரியலூரில் யார் வருவார்கள்?

முதலில் ஊரைப் பார்ப்போம். பழைய திருச்சி மாவட்டத்தைப் பிரித்து 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் உருவானது. அதில் இருந்து அரியலூர் 2001-ல் பிரிந்து, 2002-ல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடி தனி மாவட்டம் ஆனது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் 5,65,223 பேர். தமிழ்நாட்டிலேயே மக்கள்தொகை குறைந்த மாவட்டம் அதுதான். அரியலூரில் 7,54,894 பேர். அந்தக் கணக்கில் பெரம்பலூர் நகரத்தில் சுமார் 50 ஆயிரம் பேர், அரியலூர் நகரத்தில் சுமார் 29 ஆயிரம் பேர்.

சென்னை அண்ணாநகரில் போர்டு வைத்தால், போகிற வருகிறவர்களில் நாலு பேர் தற்செயலாக எட்டிப் பார்ப்பார்கள். இங்கே அந்தத் தற்செயல் நடக்காது. வரப்போகிறவர்களின் மொத்த எண்ணிக்கையே கைவிட்டு எண்ணக்கூடியது. அதனால் 'விளம்பரம் பண்ணா வருவாங்க' என்ற சென்னை ஃபார்முலா இங்கே ஓடாது. ஒவ்வொருவரையும் பேர் சொல்லித் தேட வேண்டும்.

தேடினால் ஆட்கள் இருக்கிறார்கள். கொரோனா நேரத்தில் ஊருக்கு வந்து, வீட்டில் இருந்தே வேலை பார்க்கப் பழகியவர்கள். வாரத்தில் ரெண்டு நாள் மட்டும் சென்னை, பெங்களூரு ஆபீஸுக்குப் போகிறவர்கள். ஜிஎஸ்டி பார்க்கும் கணக்காளர்கள், கல்யாண வீடியோ எடிட்டர்கள், ஃப்ளெக்ஸ் டிசைனர்கள், ஆன்லைன் டியூஷன் எடுக்கும் டீச்சர்கள், யூடியூபர்கள். 'ஃப்ரீலான்சர்' என்ற வார்த்தையை இவர்களில் பாதிப் பேர் தங்களுக்குச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். 'வீட்ல இருந்தே பாக்குறேங்க' என்பார்கள். போர்டில் 'ஃப்ரீலான்சர்களுக்கு' என்று எழுதினால் அவர்களுக்கே அது தங்களைத்தான் சொல்கிறது என்று தெரியாது.

இன்னொரு கூட்டம் தொழில் வழியாக வருவது. பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டில் காலணிப் பூங்காவுக்கு 2022 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டு, அடுத்த ஆண்டு அங்கே ஆலை திறக்கப்பட்டது. அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவான் நிறுவனத்தின் காலணி ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அரியலூரின் சிமெண்ட் ஆலைகள் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆலை வந்தால் அதைச் சுற்றி ஆள் சேர்ப்பு, லாரி கணக்கு, தணிக்கை, பயிற்சி என்று வேலைக்கு வெளியூர் ஆட்கள் வந்து போவார்கள். ரெண்டு நாளைக்கு லேப்டாப்பை விரித்து உட்கார இடம் தேடுவது இவர்கள்தான். லாட்ஜ் ரூமில் கட்டில் மேல் உட்கார்ந்து எக்செல் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ரெண்டு ஊருக்கும் இடையே தூரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் சுபாவம் வேறு. அரியலூர் விழுப்புரம் - திருச்சி ரயில் பாதையில் இருக்கிறது, ரயிலில் வந்து இறங்கலாம். பெரம்பலூருக்கு ரயிலே கிடையாது. எல்லாம் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையும் பஸ்ஸும்தான். இடம் பிடிக்கும்போதே பஸ் ஸ்டாண்டில் இருந்து நடக்கும் தூரமா என்று பார்ப்பது, ஏசி எத்தனை டன் என்று பார்ப்பதைவிட முக்கியம்.

கொளத்தூரில் அரசு என்ன செய்தது?

சென்னை கொளத்தூர் தொகுதியில் அகரம் ஜெகநாதன் தெருவில் 'முதல்வர் படைப்பகம்' 2024 நவம்பர் 4 அன்று திறக்கப்பட்டது. செலவு ரூ.2.85 கோடி. ஒரு தளத்தில் 38 பேர் வேலை பார்க்கும் பகிர்ந்த பணியிடம், இன்னொரு தளத்தில் 51 பேர் படிக்கும் கல்வி மையம், மேலே சாப்பிட ஒரு தளம். பணியிடத்துக்கு அரை நாள் ரூ.50, மாதம் ரூ.2,500 என்று கட்டணம் வைத்தார்கள். படிக்கும் மாணவர்களுக்கு அரை நாள் வெறும் 5 ரூபாய்.

கட்டணம் குறைவு என்பதைத்தான் எல்லோரும் கவனித்தார்கள். கவனிக்க வேண்டியது வேறு. வேலை பார்ப்பவரையும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவரையும் ஒரே கட்டடத்தில் வைத்ததும், சாப்பிடத் தனி இடம் விட்டதும்தான். தமிழ்நாட்டின் எந்தச் சிறு நகரத்திலும் நாள் முழுக்க உட்கார இடம் தேடும் மிகப் பெரிய கூட்டம் ஐடி ஆட்கள் அல்ல. டிஎன்பிஎஸ்சி, போலீஸ் எஸ்.ஐ., வங்கித் தேர்வு எழுதுகிறவர்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வ பயிலும் வட்டங்களில் போய்ப் பார்த்தால் தெரியும். இவர்களை 'நம்ம கஸ்டமர் இல்லை' என்று ஒதுக்கினால் ஹால் காலியாகத்தான் கிடக்கும். இன்றைக்குப் படிக்க வருகிறவர் நாளைக்கு ஜிஎஸ்டி ஆபீஸராகவோ, தேர்வு கைகூடாமல் ஆன்லைன் கோச்சிங் ஆசிரியராகவோ திரும்பி வரலாம்.

கேரளாவும் 'வீட்டுக்கு அருகே வேலை' என்ற பெயரில் கொல்லம் மாவட்டம் கொட்டாரக்கராவில் இதே மாதிரி முயற்சி எடுத்திருக்கிறது. விழுப்புரம், தஞ்சாவூரில் 2024-ல் திறக்கப்பட்ட நியோ டைடல் பூங்காக்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை நிறுவனங்களுக்கானவை, தனி ஆளுக்கு ஒரு சீட் தரும் இடம் இல்லை.

ஒரு சின்ன கணக்கு

ஒரு உதாரணத்துக்கு, 20 சீட் உள்ள இடம் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 15 ஆயிரம், கரண்ட் பில் 10 ஆயிரம், ரெண்டு நெட் லைன் 3 ஆயிரம், ஒரு ஆள் சம்பளம் 12 ஆயிரம், டீ-தண்ணி-துப்புரவு 5 ஆயிரம். மொத்தம் 45 ஆயிரம். கொளத்தூர் ரேட்டில் மாதம் 2,500 வாங்கினால் 18 பேர் இருந்தால்தான் கையைக் கடிக்காது. நாலு பேரோடு தொடங்கினால் வரவு 10 ஆயிரம், மாதா மாதம் 35 ஆயிரம் நஷ்டம். நகையை அடகு வைத்துத் தொடங்கியவருக்கு ஆறு மாதம் என்பது 2 லட்சத்துக்கு மேல்.

சரி, 18 பேர் வந்துவிட்டார்கள். மாதம் 3 பேர் விலகினால்? அதே இடத்தில் நிற்கவே மாதம் 3 புது ஆள் வேண்டும். சின்ன ஊரில் ஒரு வருடத்துக்கு 36 புது ஆளுக்கு எங்கே போவது? மூணு மாதத்தில் போகிறவர் தருவது 7,500 ரூபாய். ஒரு வருடம் இருப்பவர் தருவது 30 ஆயிரம். அதாவது இருக்கிற ஆளைத் தக்கவைப்பதுதான் உண்மையான மார்க்கெட்டிங். வைஃபை வீட்டிலும் இருக்கிறது, ஃபேனும் வீட்டில் இருக்கிறது. அப்புறம் எதற்காக ஒருவர் ஒரு வருடம் காசு கட்டுவார்?

இதைத்தான் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதினார்கள். கோ-ஒர்க்கிங்கில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் உற்சாகத்துக்கு 7-க்கு ஏறக்குறைய 6 மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். காரணங்களாகத் தெரிந்தவை, செய்யும் வேலையில் அர்த்தம் இருப்பதாக நினைப்பது, நேரம் தன் கையில் இருப்பது, ஒரு கூட்டத்தில் தானும் ஒருவர் என்ற உணர்வு. நாற்காலியின் விலை இந்தப் பட்டியலில் இல்லை.

கூட்டம் சேர்ப்பது எப்படி?

கட்டடத்துக்கு முன்னால் கூட்டம். அக்ரிமென்ட் போடும் முன்பே வாரம் ஒரு நாள், ஊரில் இருக்கிற ஏதாவது ஒரு ஹாலில், ஹோட்டல் மாடியில், தெரிந்தவர் கோச்சிங் சென்டர் காலியாக இருக்கும் நேரத்தில், 'லேப்டாப்போட வாங்க, சேர்ந்து உட்கார்ந்து வேலை பாப்போம்' என்று கூப்பிடலாம். காசு வேண்டாம், டீ செலவு மட்டும். எட்டு வாரத்தில் தொடர்ந்து வரும் பத்துப் பேர் கிடைத்தால் இடம் எடுக்கலாம். கிடைக்கவில்லை என்றால் போன காசு டீ காசு மட்டும்தான்.

அந்த முதல் பத்துப் பேர் யார் என்பது ரொம்ப முக்கியம். பத்துப் பேரும் ஓனரின் கல்லூரி நண்பர்களாக இருந்தால், பதினோராவதாக வருகிறவர் வாசலிலேயே தயங்குவார். உள்ளே ஜாலியான சத்தம் கேட்கும், ஆனால் அது அவருக்கான சத்தம் இல்லை. வெவ்வேறு வேலை, வெவ்வேறு தெரு, கலந்த வயது என்று இருந்தால்தான் புதியவருக்கு இடம் இருப்பதாகத் தோன்றும்.

சின்ன ஊரில் வெளிப்படையாகப் பேசாத விஷயம் ஒன்று உண்டு. 'அது அவங்க ஆளுங்க இடம்ப்பா' என்ற ஒரு பேச்சு கிளம்பினால் போதும். சாதியோ கட்சியோ, ஒரு தரப்பின் இடம் என்று பேர் வாங்கிவிட்டால் மீதி ஊர் உள்ளே வராது. திறப்பு விழா பேனரில் யார் படம் போடுகிறோம், முதல் நிகழ்ச்சிக்கு யாரை அழைக்கிறோம் என்பதிலேயே இது முடிவாகிவிடும். டிசைனருக்கு ஃப்ளெக்ஸ் ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு தடவை யோசிப்பது நல்லது.

அடுத்தது அறிமுகம். புது ஆள் வந்த முதல் நாளே அவரை இரண்டு பேரிடமாவது பேர் சொல்லி அறிமுகம் செய்ய வேண்டும். 'அண்ணே, இவங்க ஜெயங்கொண்டம், முந்திரி எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வெப்சைட் பாக்குறாங்க. உங்களுக்கு டிசைனர் வேணும்னீங்களே?' என்ற ஒரு வாக்கியம் நூறு போஸ்டருக்குச் சமம். இதைச் செய்வதற்குத்தான் சம்பளத்துக்கு ஒரு ஆள். வாசலில் நோட்டில் கையெழுத்து வாங்க மட்டும் ஒரு ஆளை உட்கார வைத்தால் அந்த 12 ஆயிரம் வீண்.

மதியச் சாப்பாடு இன்னொரு வழி. நியூபெர்க்கே அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் வழக்கத்தை வைத்திருந்தார். டிபன் பாக்ஸைத் திறந்தால் நம் ஊரில் பேச்சு தானாக வரும். ஒரு பெரிய மேசை, கை கழுவ இடம், சூடு பண்ண ஒரு மைக்ரோவேவ். பீன் பேக், சுவரில் இங்கிலீஷ் வாசகம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அல்லது பார்க்காமலே விட்டுவிடலாம்.

நிகழ்ச்சி நடத்தலாமா? நடத்தலாம். ஆனால் 'வெற்றி பெறுவது எப்படி' என்று மோட்டிவேஷன் பேச்சு வைத்தால் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள், திரும்ப வரமாட்டார்கள். வந்தவர் கையில் ஏதாவது ஒன்று முடிந்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கடைசி வாரத்தில் ஒரு மாலை கணக்காளர் ஒருவரை உட்கார வைத்து, கடைக்காரர்கள் பில்லோடு வரலாம் என்று சொல்லலாம். பெரம்பலூரில் சின்ன வெங்காயம், மக்காச்சோளம் பயிரிடும் உழவர் உற்பத்தியாளர் குழுக்களுக்கு ஆன்லைன் விற்பனை, உத்யம் பதிவு பற்றி ஒரு நாள். அரியலூரில் லாரி வைத்திருப்பவர்களுக்கு இ-வே பில் பற்றி ஒரு நாள். வந்தவர்களில் எல்லோரும் சீட் எடுக்க மாட்டார்கள். ஆனால் 'என் பையன் வீட்ல உக்காந்துதான் வேல பாக்குறான், அவனை அனுப்புறேன்' என்று சொல்லும் அப்பாக்கள் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

வாட்ஸ்அப் குரூப் இல்லாமல் இது நடக்காது, குரூப்பாலேயே கெட்டும் போகும். காலை வணக்கம், அரசியல் ஃபார்வர்டு, லோன் விளம்பரம் வர ஆரம்பித்த வாரமே பாதிப் பேர் மியூட் போட்டுவிடுவார்கள். 'இந்த வேலைக்கு ஆள் வேணும்', 'இந்த உதவி வேணும்' என்ற ரெண்டுக்கு மட்டும் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மெம்பராக வந்து மல்டி லெவல் மார்க்கெட்டிங் பிடிக்கிறவர்களையும் முதல் தடவையே நிறுத்தாவிட்டால் நல்ல மெம்பர்கள் சண்டை போடாமல், சொல்லாமல் நின்றுவிடுவார்கள்.

பெண்கள் வந்தால்தான் இடம் நிலைக்கும்

கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டவர்கள், வீட்டில் இருந்து டைப்பிங், டிசைன், ஆன்லைன் வகுப்பு பார்க்கும் பெண்கள் இந்த ஊர்களில் நிறைய. ஆனால் அவர் வருவதை அவர் மட்டும் முடிவு செய்வதில்லை. மாமியாரோ அப்பாவோ ஒரு தடவை வந்து பார்ப்பார்கள். சுத்தமான தனிக் கழிவறை, வெளிச்சமான படிக்கட்டு, வரவேற்பில் ஒரு பெண் ஊழியர், சாயங்காலம் கடைசி டவுன் பஸ்ஸுக்கு முன்னால் முடியும் நேரம், இதெல்லாம் இருந்தால் ஒருவர் வருவார். அவர் வந்தால் அவர் பின்னால் நாலு பேர் வருவார்கள். மாடியில் ஆண்கள் சிகரெட் பிடிக்கும் மூலை இருந்தால் அந்த ஒருவரும் வரமாட்டார்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ன்படி, 10 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் உள்ள இடத்தில் உள் புகார் குழு கட்டாயம். அதற்குக் குறைவாக இருந்தால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். அந்தத் தகவலைச் சுவரில் ஒட்டி வைக்க ஒரு ஏ4 பேப்பர் போதும்.

கம்யூனிட்டி இருந்தால் மட்டும் ஜெயிச்சிடலாமா?

இல்லை. 'வீவொர்க்' கதை அதற்கு சாட்சி. 2010-ல் நியூயார்க்கில் தொடங்கி, கம்யூனிட்டி என்ற வார்த்தையை உலகம் முழுக்க விற்ற நிறுவனம். 2019 தொடக்கத்தில் மதிப்பு 4,700 கோடி டாலர். 2023 நவம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. நீண்ட கால வாடகை ஒப்பந்தம் போட்டுவிட்டு, மாதக் கணக்கில் ஆள் பிடித்ததுதான் அதன் கழுத்தில் விழுந்த கயிறு. பெரம்பலூரில் மூணு வருட அக்ரிமென்ட் போட்டுவிட்டு மாதா மாதம் மெம்பர் தேடுபவரின் நிலைமையும், அளவில் சின்னது என்பதைத் தவிர, அதேதான். முடிந்தால் 11 மாத ஒப்பந்தம், அட்வான்ஸ் குறைவாக, தேவைப்பட்டால் பக்கத்து ரூமையும் பிறகு எடுத்துக்கொள்ளும் பேச்சு. இதை வீட்டு ஓனரிடம் முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

ஜிஎஸ்டி கேள்வியும் எல்லோருக்கும் வரும். தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். மேலே சொன்ன 20 சீட் கணக்கில் முழுக்க நிரம்பினாலும் வருடத்துக்கு 6 லட்சம்தான் வரும்.

சீட் எடுக்கப் போகிறீர்களா? இதைப் பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள்

ஒரு நாள் பாஸ் எடுத்து, காலையில் இருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து பாருங்கள். மதியம் 2 மணிக்குக் கரண்ட் போனால் நெட் நிற்கிறதா, வீடியோ கால் பேச மூடிய அறை இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். டீ இடைவேளையில் ரெண்டு மெம்பர்களிடம் 'எத்தனை மாசமா வர்றீங்க?' என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் என்று சொல்பவர்கள் அதிகம் இருந்தால் தைரியமாக மாதக் கட்டணம் கட்டலாம். எல்லோருமே போன வாரம் சேர்ந்தவர்கள் என்றால் இன்னும் ஒரு மாதம் நாள் பாஸிலேயே ஓட்டுங்கள்.